ஒரு வாசல், மூன்று தொட்டிகள், குறைந்த செலவு: இலையுதிர்காலத் தொட்டித் தோட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இலையுதிர்காலத்தில் தொட்டித் தோட்டம் போட்டால் பணம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் பூச்செடிக்கு என்பார்கள், சிலர் தொட்டிக்கு என்பார்கள். நான் பார்த்த வரையில், வாங்கும் செடி இனி வளர்ந்து இடத்தை நிரப்பும் என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கையில்தான் பணம் கரைகிறது. அது வளராது. நட்ட அன்று எந்த உருவத்தில் நிற்கிறதோ, கடும் குளிர் வரும் வரை ஏறக்குறைய அதே உருவத்தில்தான் நிற்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு திட்டம் போட்டால் எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பது தானாகத் தெளிந்துவிடும். இதைக் காட்டுவதற்காக ஒரு வீட்டு வாசலை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் அடுத்த வசந்தம் வரை என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

நிலைமை

வாசலில் மூன்று படிகள். மேல் படிக்கு மேலே சிறிய கூரை, அதில் ராத்திரி முழுக்க எரியும் ஒரு விளக்கு. வலப்பக்கம் காலையிலிருந்து மதியம் வரை வெயில் விழும், இடப்பக்கம் பாதி நேரம் சுவர் நிழல். கோடையில் வைத்த பெட்டூனியாக்கள் காய்ந்து, தொட்டிகளில் மண் மட்டும் கல்லாக இறுகிக் கிடந்தது. வீட்டுக்காரர் என் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வாசலைப் பார்த்தால் மனசுக்கு நன்றாக இருக்க வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, முதுகு வலி இருப்பதால் கனமான எதையும் தூக்க முடியாது. வீட்டில் ஒரு பூனை உண்டு, ஆனால் அது வெளியே வராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால் சாமந்தி, ஐவி என்ற படர்கொடி, துலிப் கிழங்கு மூன்றுமே பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. மென்று தின்றுவிட்டால் உடம்புக்குக் கெடுதல். வெளியே திரியும் பிராணி இருக்கும் வீடாக இருந்திருந்தால் செடிப் பட்டியலே வேறாக இருந்திருக்கும்.

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது.

"எட்டு தொட்டி காலியா இருக்கு. எட்டு சாமந்தி வாங்கி வெச்சுட்டா முடிஞ்சுதே?"

"எட்டும் ஒண்ணாப் பூத்து ஒண்ணாக் கருகும் அக்கா. அப்புறம் மறுபடியும் எட்டு காலித் தொட்டிதான் இருக்கும்."

"அப்போ நீயே சொல்லு, என்ன வாங்கலாம்?"

வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வரலாம் என்றேன்.

இந்தப் பருவம் எப்படி வேறுபடுகிறது

வசந்தத்தில் தொட்டி வைக்கும்போது செடிகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்வார்கள். பகல் நீண்டுகொண்டே போகும், மண் சூடேறிக்கொண்டே போகும், சின்ன நாற்று சீக்கிரமே தொட்டியை மூடிவிடும். அதாவது அப்போது நாம் கொஞ்சமாகச் செடியை வாங்குகிறோம், மீதியைப் பருவம் இலவசமாகத் தருகிறது. இலையுதிர்காலத்தில் அந்த உபகாரம் கிடையாது. வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23, தென் அரைக்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21 தாண்டியதும் இரவு பகலைவிட நீள ஆரம்பிக்கிறது. வடக்கே 40 டிகிரி அட்சரேகையில் செப்டம்பர் கடைசியில் 12 மணி நேரமாக இருக்கும் பகல், நவம்பர் கடைசியில் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். வெயில் சாய்வாக விழுகிறது, மண் குளிர்கிறது, செடி புது இலை விடுவதை நிறுத்திக்கொள்கிறது. ஆகவே இடைவெளி விட்டு நட்டால் அந்த இடைவெளி கடைசி வரை இடைவெளியாகவே இருக்கும். கூட்ட நேரத்துப் பேருந்தில் நிற்கிறவர்கள் மாதிரி தோளோடு தோள் உரசும்படி நெருக்கி நட வேண்டும். வளர்ச்சி இல்லாததால் செடிகளுக்கு நடுவே பெரிய போட்டியும் வராது, பயப்பட வேண்டாம்.

நெருக்கி நட வேண்டும் என்றால் தொட்டிக்கு இத்தனை செடி தேவைப்படும், அப்போது செலவு ஏறத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்பது சரி. அதனால்தான் தொட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னேன். எட்டு தொட்டியில் ஒவ்வொரு செடியாக வைத்து எட்டையும் அரைகுறையாக நிறுத்துவதைவிட, மூன்று தொட்டியை வழிய வழிய நிரப்பி ஒரே மூலையில் சேர்த்து வைப்பது பார்வைக்கு நிறைவாக இருக்கும். தண்ணீர் ஊற்றுவதும் லேசு. குட்டித் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு நாள் மறந்தாலும் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

பெரிய தொட்டியாக வைத்தால் போதும் என்று அடுத்த முனைக்கும் தாவிவிடக் கூடாது. அங்கே காத்திருப்பது மண் செலவு. 20 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள உருளைத் தொட்டிக்கு 6 லிட்டரைக் கொஞ்சம் தாண்டி மண் கலவை வேண்டும். அகலமும் உயரமும் 40 ஆனால் 50 லிட்டர். அளவு இரண்டு மடங்கு, மண் எட்டு மடங்கு. கடையில் தொட்டியின் விலைச்சீட்டைப் பார்த்து மலிவு என்று தூக்கி வருகிறவர்கள், அதை நிரப்ப எத்தனை மூட்டை ஆகும் என்று கணக்குப் போடுவதே இல்லை. போதாக்குறைக்கு நனைந்த பிறகு அதை நகர்த்தவும் முடியாது.

வாங்குவதற்கு முன்: வீட்டில் கிடந்தவை

கொல்லையிலும் சாமான் அறையிலும் தேடியதில் கிடைத்தவை: வெளிறிப்போன உயரமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, நன்றாகச் சுட்ட, ஆனால் மினுக்குப் பூச்சு இல்லாத மண் தொட்டி ஒன்று, பழம் அடுக்கி வந்த மரப்பெட்டி ஒன்று, காலி பெயின்ட் வாளி ஒன்று, அப்புறம் கோடைச் செடிகள் இருந்த குட்டி பிளாஸ்டிக் தொட்டிகள். முதல் மூன்றையும் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம். வாளி வேறு வேலைக்கு. குட்டித் தொட்டிகளில் இரண்டைக் கவிழ்த்து, ஒன்றை முட்டாகவும் இன்னொன்றை உள்ளே அடைப்பதற்கும் வைத்துக்கொண்டோம்.

மரப்பெட்டிக்குப் பழைய மண் மூட்டையின் பிளாஸ்டிக் உறையையே உட்புறம் விரித்து, விளிம்புக்குக் கீழே தைக்கிற மாதிரி ஆணி அடித்தோம். அடிப்பக்கம் ஸ்க்ரூ டிரைவரால் துளை போட்டு, பலகைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிகிறதா என்று ஒரு குவளை ஊற்றிப் பார்த்தோம். துளை குறைந்தது சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு வேண்டும். ஊசித்துளை போட்டால் மண் துகள் வந்து அடைத்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியின் வெளிறிய நிறம் அக்காவுக்கு உறுத்தியது, பெயின்ட் அடிக்கலாமா என்றார். செடி வழிந்து மூடப் போகிற விளிம்புக்கு எதற்கு பெயின்ட்? மிச்சம் இருந்த சணல் கயிற்றை மேல் பாதிக்குச் சுற்றிவிட்டோம், போதுமானதாக இருந்தது.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் பூராவும் சொல்கிறார்கள். நடப்பது தலைகீழ். மண் கலவையில் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரம் தேங்கியே நிற்கும். நுண்ணிய துகள்கள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். கீழே பெரிய கல் இருந்தால் அந்தத் தண்ணீர் சட்டென்று கல்லுக்குள் இறங்காது, கல்லுக்கு மேலேயே நிற்கும். ஆக, தேங்கும் ஈரம் கீழே இருப்பதற்குப் பதிலாக வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஜல்லிக்குக் கொடுக்கும் காசும் மிச்சம், சுமையும் மிச்சம். துளை மேல் ஒரு வலைத்துண்டு போட்டால் போதும்.

ஆனால் உயரமான தொட்டியில் அடிப்பகுதியைக் காலியாக அடைப்பது வேறு கதை. இதுவும் ஈரம் தேங்கும் மட்டத்தை மேலே ஏற்றத்தான் செய்யும், ஆனாலும் மேலே 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சீரான மண் கலவை இருந்தால் இந்தப் பருவத்துச் செடிகள் தாங்கிக்கொள்ளும், அவற்றின் வேர் அதற்குக் கீழே போவதற்கு நேரமே கிடையாது. குட்டித் தொட்டியைக் கவிழ்த்து அடியில் வைத்தோம், துளையை மட்டும் மறைக்காமல். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண் மிச்சம், கனமும் குறைந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடி லேசாகிவிட்டால் காற்றுக்குத் தொட்டி சாயும், ஆகவே சுவரோரம்தான் வைக்க வேண்டும்.

பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்குவது இந்த மாதிரி வேலையில் மிகப் பெரிய வீண் செலவு. முந்தைய செடி நோயில் அழுகிச் செத்திருந்தால் அந்த மண் வேண்டாம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்த பெட்டூனியா இருந்த மண்ணுக்கு என்ன குறை? ஒரு பழைய விரிப்பில் கொட்டி, கட்டியை உடைத்து, வேர்ச் சடையை உருவி எடுத்து, வெண்புழுக்கள் இருந்தால் பொறுக்கிப் போட்டு, மூன்று பங்குக்கு ஒரு பங்கு புது மட்கு உரம் கலந்தோம். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் போடக் கூடாது, அது இறுகிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். உரம் வேறு எதுவும் போடவில்லை. குளிருக்கு முன்னால் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் செடி இளந்தளிர் விடும், முதல் உறைபனியில் அந்தத் தளிர்தான் முதலில் கருகும்.

கடையில்

சாமந்தி வாங்கும்போது எல்லோர் கையும் முழுசாகப் பூத்த செடிக்குத்தான் போகும். முழுசாகப் பூத்தது என்றால் பாதி ஆயுள் கடைக்காரரிடமே முடிந்துவிட்டது என்று பொருள். மொட்டு இறுக்கமாக, நுனியில் நிறம் மட்டும் எட்டிப் பார்க்கிற செடியை எடுக்க வேண்டும். ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினோம், தொட்டிக்கு ஒன்று. அதற்கு மேல் சாமந்தி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். தாமதமாக, அதுவும் மொட்டோடு நடும் சாமந்தி வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும், ஆகவே பெரும்பாலும் அது ஒரு பருவத்து விருந்தாளிதான். விருந்தாளிக்குச் செலவழிக்கலாம், ஆனால் வீடு முழுக்க விருந்தாளியாக இருக்கக் கூடாது.

மிச்சக் காசைப் பல்லாண்டுச் செடிக்குத் திருப்பினோம். பருவம் முடியும் நேரத்தில் நர்சரிகள் பல்லாண்டுச் செடிகளைத் தள்ளுபடியில் கழிப்பது வழக்கம், குளிர்காலம் முழுக்க அவற்றைப் பராமரிக்க அவர்களுக்கு விருப்பமிருக்காது. பார்க்கச் சோனியாக இருக்கும், இலை ஓரம் கருகியிருக்கும், பூ இருக்கவே இருக்காது. இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் வாங்கலாம். பழுப்பாகி, தொட்டால் நசுங்கி, வாடை அடித்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தள்ளுபடி மேசையின் மூலையில், இலையின் நிறத்துக்காகவே வளர்க்கும் ஹியூக்கெரா என்ற பல்லாண்டுச் செடி, ஊதா இலையோடு ஒன்று இருந்தது. ஒரே தொட்டிதான், ஆனால் இலைக்கொத்தை விலக்கிப் பார்த்தால் மண்மட்டத்தில் மூன்று தனித்தனிக் குருத்துகள்.

வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே உருவி, வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, குருத்துகள் பிரியும் இடத்தில் பழைய பல்கத்தியை வைத்து மெல்ல அறுத்தோம். வேர் அறுபடும்போது நறநறவென்று சத்தம் வரும், முதல் தடவை பார்ப்பவர்களுக்குப் பதறும், அக்காவும் "ஐயோ, செத்துடப் போகுது" என்று கையைப் பிடித்தார். ஒவ்வொரு குருத்துக்கும் கைப்பிடி வேர் வந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு விலையில் மூன்று செடி. மண் உறைவதற்கு ஆறு வாரமாவது முன்னதாக இதைச் செய்துவிட வேண்டும், அப்போதுதான் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

அலங்கார முட்டைக்கோஸ் இரண்டு வாங்கினோம், இருப்பதிலேயே அகலமானதாக. கடையில் சின்னது பாதி விலைக்குக் கிடைத்தது, ஆனால் நான் முதலிலேயே சொன்னதுதான், சின்னது சின்னதாகவே நிற்கும். அதை வாங்கினால் இடத்தை நிரப்ப மூன்று வேண்டியிருக்கும். பான்சி என்ற குட்டைப் பூச்செடிக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆறு குழித் தட்டில் வரும் குட்டி நாற்றே நல்ல பேரம், ஏனென்றால் குளிரிலும் அது விடாமல் பூக்கும், பூவே அதன் உருவத்தைக் காட்டிவிடும். ஐவி வாங்கவே இல்லை. வேலியோரம் தரையில் படர்ந்த கொடிகள் கணுவுக்குக் கணு தாமாகவே வேர் விட்டிருந்தன, அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டோம். அதன் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

கோலியஸ் என்ற வண்ண இலைச் செடி கண்ணைப் பறித்தது, நிறத்தில் இலையுதிர்காலமே தோற்றுவிடும். ஆனால் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே அதற்குச் சோர்வு, உறைபனி பட்டால் அன்றோடு சரி. கடையில் இந்தப் பருவத்தில் அதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ஹீதர் என்ற குட்டைப் புதர்ச்செடிக்குப் புளிப்புத்தன்மை உள்ள மண் வேண்டும், அதற்கென்று தனி மண் மூட்டை வாங்க வேண்டியிருக்கும் என்பதால் அதுவும் வேண்டாம் என்றோம். கடைசியாக, வசந்தத்தில் பூக்கும் துலிப், குரோக்கஸ் கிழங்குகள் ஒரு சிறு பை. இலையுதிர்காலத் தோட்டத்துக்கு இது தேவையே இல்லாத பொருள்தான், ஆனால் ஒரே மண்ணில், ஒரே தொட்டியில், தனி இடம் கேட்காமல் அடுத்த பருவமும் கிடைக்கிறது என்றால் வாங்காமல் வருவதற்கு மனம் வரவில்லை.

நட்ட விதம்

பெயின்ட் வாளிக்கு இங்கேதான் வேலை. கடையிலிருந்து வரும் சாமந்தியின் வேர்க்கட்டு பெரும்பாலும் நார் மண்ணில் இறுகியிருக்கும், ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்தோடிவிடும், நடுவில் சொட்டுக்கூட இறங்காது. வாளியில் தண்ணீர் நிரப்பிச் செடியைத் தொட்டியோடு அமுக்கிப் பிடித்தால் குமிழ் குமிழாகக் காற்று வரும். குமிழ் நிற்கும் வரை விட வேண்டும். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். இதைச் செய்யாமல் நட்டுவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறதே என்று புலம்புகிறவர்கள் நிறைய.

மரப்பெட்டியில் முதலில் துலிப் கிழங்குகளை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கூர்முனை மேலே பார்க்க அடுக்கி, மண் போட்டு, குரோக்கஸை 8 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, அதற்கு மேல் ஒரு முட்டைக்கோஸ், ஒரு ஹியூக்கெரா, பான்சியில் பாதி, ஓரத்தில் ஐவி. கிழங்குத் தளிர் வசந்தத்தில் மேலே இருக்கும் வேர்களை விலக்கிக்கொண்டு வந்துவிடும். உயரமான தொட்டியில் பின்னால் சாமந்தி, முன்னால் இன்னொரு முட்டைக்கோஸ், பக்கவாட்டில் ஹியூக்கெரா, விளிம்பிலிருந்து ஐவி வழியும்படி. மண் தொட்டியில் இரண்டாவது சாமந்தி, கடைசி ஹியூக்கெரா, மிச்சப் பான்சி.

முட்டைக்கோஸைக் கடைத் தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நட்டால் மொட்டைத் தண்டு தெரியும். கீழ் இலைகள் மண்ணைத் தொடும் வரை ஆழமாக இறக்கினோம், அதற்கு ஒன்றும் ஆகாது. ஹியூக்கெராவில் அப்படிச் செய்யக் கூடாது, குருத்து மண்ணுக்குள் போனால் அழுகும். சாமந்தியை நேராக நிறுத்தாமல் பார்ப்பவர் பக்கம் லேசாகச் சாய்த்தால் அதே செடி பெரிதாகத் தெரியும், காசு செலவில்லாத தந்திரம். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டோம், இல்லையென்றால் ஊற்றும் தண்ணீர் மண்ணோடு படியில் வழியும்.

என்ன நடந்தது

மரப்பெட்டி மேல் படியில், கூரைக்குக் கீழே இருந்தது. தொடர்ந்து மழை பெய்தது, அக்காவும் தண்ணீர் ஊற்றவில்லை, மழைதான் பெய்கிறதே என்ற நினைப்பு. கூரைக்கு அடியில் மழை எங்கே விழும்? பான்சி துவண்டு படுத்த பிறகுதான் விரலை மண்ணில் விட்டுப் பார்த்தார், இரண்டு அங்குலம் வரை தூசி. பெட்டியை ஒரு படி கீழே இறக்கி, இரண்டு தடவை இடைவெளி விட்டுத் தண்ணீர் ஊற்றியதும் பான்சி எழுந்து நின்றுவிட்டது. குளிர் காலத்தில் செடி குறைவாகத்தான் குடிக்கும், ஆனால் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டே இருக்கும். நாள்கணக்கு பார்க்காமல் விரலை விட்டுப் பார்ப்பதே சரியான வழி.

இதைவிடச் சுவாரசியமானது சாமந்தி விஷயம். ஒரே ரகம், ஒரே கடை, ஒரே அளவு மொட்டு, இரண்டும் வலப்பக்க வெயிலில். கீழ்ப்படியில் மண் தொட்டியில் இருந்தது பளிச்சென்று விரிந்துவிட்டது. மேலே, கதவோரம், விளக்குக்கு நேர் கீழே இருந்தது மட்டும் மொட்டை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றது. அக்கா உரம் போதவில்லையோ என்றார். எனக்கு விளக்கு மேல்தான் சந்தேகம். சாமந்தி நீண்ட, தொடர்ச்சியான இருட்டை எண்ணிப் பூக்கிற செடி. மொட்டு பிடிப்பதற்கு மட்டுமல்ல, பிடித்த மொட்டு ஒழுங்காக விரிவதற்கும் நீண்ட இரவு வேண்டும். இரவில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அதற்குக் கோடை இன்னும் முடியவில்லை. பகலிரவு நீளத்தைச் செடிகள் இப்படி அளக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு இருவரும் 1920-இல் வெளியிட்டார்கள், ஒரு புகையிலை ரகம் கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போனதைத் துருவிப் பார்த்ததில் தெரிய வந்த விஷயம் அது. இன்றைக்கும் சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட இரவில் விளக்குப் போடுகிறார்கள், முன்கூட்டிப் பூக்கவைக்கக் கறுப்புத் துணியால் மூடுகிறார்கள். நாங்கள் செய்தது, படுக்கப் போகும்போது விளக்கை அணைத்தது மட்டுமே. மேல் தொட்டியும் பூத்தது, அதுவும் கீழே இருந்தது வாட ஆரம்பித்த சமயத்தில். வாசலில் பூ இருந்த காலம் இதனால் நீண்டுவிட்டது. வேண்டுமென்றே ஒரு தொட்டியை விளக்கடியில் வைத்து இப்படி வரிசைப்படுத்தலாமே என்று அக்கா கேட்டார். செய்யலாம், ஆனால் ரொம்ப இழுத்தால் மொட்டு விரியுமுன் உறைபனி வந்துவிடும்.

அது வந்தது. லேசான முதல் பனியைச் சாமந்தி சமாளித்தது, அடுத்த கடுமையான இரவில் இதழ்கள் பழுப்பாகிவிட்டன. பான்சி காலையில் கண்ணாடியாக விறைத்துக் கிடந்து, வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்தது. முட்டைக்கோஸ்தான் ஆச்சரியம். வாங்கும்போது வெளிறிய பச்சையாக இருந்தது, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து நடுவே ஊதா ஏறிக்கொண்டே வந்தது. குளிரில் பச்சையம் உருவாவது குறைந்து, ஆந்தோசயனின் என்ற நிறமி தெரிய ஆரம்பிப்பதன் விளைவு இது. படிப்படியாகக் குளிர் பழகிய செடி என்றால் மைனஸ் 10 டிகிரி வரைகூடத் தாங்கும்.

நட்டம் ஒன்று உண்டு. மண் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தார்கள், அதில் தண்ணீர் நின்றது, தொட்டியின் சுவர் அதை உறிஞ்சிக்கொண்டது. தண்ணீர் உறையும்போது கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், நுண்துளை நிறைந்த மண் சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா? ஒரு காலையில் பக்கவாட்டில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருந்தது. குளிருக்கு முன்னால் தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு ஓட்டுத்துண்டின் மேல் தூக்கி வைத்திருந்தால் போதும்.

சாமந்தி போன இடத்தில் புதுச் செடி எதுவும் வாங்கவில்லை. காய்ந்த தலையை வெட்டிவிட்டு, கத்தரித்த சிவப்புக் குச்சிகள், ஊசியிலை மரக் காய்கள், உலர்ந்த ஹைட்ரேஞ்சியாப் பூங்கொத்து என்று தோட்டத்தில் உதிர்ந்ததையே செருகினோம். வேர் இல்லாத பொருள், தண்ணீர் கேட்காது, குளிருக்கும் பயமில்லை.

கணக்கு

தொட்டி, ஐவி, கயிறு, உயரமான தொட்டியின் அடைப்பு எதற்கும் காசு போகவில்லை. மண்ணுக்கு ஒரே ஒரு மட்கு உர மூட்டை. மீதி அத்தனையும் செடிக்கும் கிழங்குக்கும். அதில் உண்மையிலேயே கரைந்துபோனது சாமந்தி இரண்டும், வசந்தம் சூடேறியதும் பூத்தண்டு விட்டு முடிந்துபோன முட்டைக்கோஸும்தான். முதல் திட்டப்படி எட்டு சாமந்தி வாங்கியிருந்தால் ஆன செலவை நாங்கள் தாண்டவில்லை, ஆனால் அந்த எட்டும் முதல் கடும் பனியோடு முடிந்திருக்கும்.

கிழங்குகள் வந்தன. துலிப்புக்கு 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும், அது தொட்டிக்குள்ளேயே கிடைத்துவிட்டது. குளிர்காலம் சூடாக இருக்கும் இடங்களில் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், இலைதான் வரும், பூ வராது. மாறாக மிகக் கடுமையான குளிர் உள்ள இடத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: தரையில் இருக்கும் வேரைச் சுற்றி நிலம் காக்கிறது, தொட்டியில் நான்கு பக்கமும் குளிர் காற்று. உங்கள் ஊரின் குளிரைவிட இன்னும் அதிகக் குளிரைத் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்குவது நல்லது, அல்லது உச்சக் குளிரில் தொட்டிகளைச் சுவரோரம் ஒட்டி நெருக்கி வைக்க வேண்டும்.

பால்கனி மட்டுமே இருப்பவர்களுக்கு இந்த மூன்றில் மரப்பெட்டி ஒன்றே போதும். உயரமான தொட்டியைக் கைப்பிடிச் சுவர் ஓரம் வைக்காதீர்கள், நனைந்த மண்ணின் எடை லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஹியூக்கெரா மூன்றும் வசந்தத்தில் தொட்டியிலிருந்து தரைக்குப் போய்விட்டன, இலையுதிர்காலம் வரும்போது பெயர்த்து மறுபடியும் பிரித்துக்கொள்ளலாம். துலிப் கிழங்குகள் இரண்டாவது வருடம் அவ்வளவாகப் பூக்காது, குரோக்கஸ் பூக்கும். ஐவி அதன் பாட்டுக்குப் படர்கிறது. அக்கா இப்போதே அடுத்த பருவத்துக்கான பட்டியலை எழுதிவிட்டார்: சாமந்தி இரண்டு, முட்டைக்கோஸ் இரண்டு, பான்சி ஒரு தட்டு.